நான்காம் ஆண்டின் விலை
(மாணவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பட்டம் எல்லாம் ஒன்றே என்னும் எண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. வீட்டிற்கு ஒரு பட்டதாரி கிடைத்துவிட்டால், அது பொதுப் பட்டமா சிறப்புப் பட்டமா என வினவுவார் இலர். ஆசிரிய நியமனத்திற்கு இருவகைப் பட்டதாரிகளும் விண்ணப்பிக்க முடிவதால், வேறுபாடு கண்ணுக்குப் புலப்படுவதுமில்லை. பட்டப்பின் படிப்பின் வாயிலிலேதான் அது புலப்படுகிறது. அப்பொழுது காலம் கடந்துவிடுகிறது.

இப்பிரிவு புதியதன்று. 1921இல் தோன்றிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942இல் அமைந்த இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் பொது, சிறப்பு என்னும் இருவகைப் பட்டங்கள் நிலவின. இன்று இலங்கைத் தகைமைச் சட்டகம் கல்வித் தகைமைகளை 12 படிகளாக வகுத்துள்ளது. 90 கிரெடிட் கொண்ட மூன்றாண்டுப் பட்டம் 5ஆம் படி. 120 கிரெடிட் கொண்ட நான்காண்டுச் சிறப்புப் பட்டம் 6ஆம் படி. முதுதத்துவமாணி 11ஆம் படியிலும், கலாநிதி 12ஆம் படியிலும் நிற்கின்றன.

ஒரு படிதானே என்று எண்ணற்க! சிறப்புப் பட்டதாரி ஒரே துறையில் ஆழ்ந்து, ஆய்வுக்கட்டுரையும் எழுதியவர். நல்ல வகுப்பில் சித்தியெய்தினால், ஆய்வுப் பட்டத்திற்கு நேரே விண்ணப்பிக்கலாம். பொதுப் பட்டதாரியோ பொதுவாக முதலில் பட்டப்பின் டிப்ளோமாவோ முதுமாணியோ முடித்தாக வேண்டும். கதவு அடைக்கப்படவில்லை, ஆனால் அவர் சுற்றி வரவேண்டும்.

அந்தச் சுற்றுவழிக்குக் கட்டணமும் உண்டு. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, சிறப்புப் பட்டத்தின் நான்காம் ஆண்டையும் தாங்குகிறது. பட்டப்பின் படிப்புகளுக்கோ பெரும்பாலும் கட்டணம் செலுத்தவேண்டும். அரசு இலவசமாய் அளிக்கும் ஓராண்டை இழந்தவர், பின்னர் தம் சம்பளத்திலிருந்து பணங்கொடுத்து அதற்கு ஈடு தேடுகிறார்!

இழப்பவர் யார்? செல்வர் வீட்டுப் பிள்ளையா? அல்லர். சிறப்புக் கற்கைக்கான தெரிவு பல பீடங்களில் முதலாண்டுப் பெறுபேற்றைக் கொண்டே நடைபெறுகிறது. கிராமத்திலிருந்து வந்து, ஆங்கிலத்தோடு மல்லாடி, விடுதிச் செலவுக்கும் வழி தேடும் பிள்ளைக்கு அந்த முதலாண்டே மிகக் கடினமானது. இளையோரைக் காக்க விரைந்து உழைக்கவேண்டும் என்று பொதுப் பட்டத்தை ஏற்பவரை நாம் குறைகூறோம். ஆயினும், தெரிந்து துறப்பது வேறு. தெரியாமல் இழப்பது வேறு. வழக்குத் தொடுப்பதற்குச் சட்டம் காலவெல்லை வைத்திருக்கிறது. ஆனால் அந்த எல்லை நூலில் அச்சிடப்பட்டு யாவரும் அறியக் கிடக்கிறது. மாணவரின் காலவெல்லையை அவருக்கு அறிவிப்பார் யார்?

இது தனியொருவர் நட்டம் மட்டுமன்று. 1974இல் யாழ்ப்பாண வளாகமும், 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமும் தோன்றின. கட்டடங்கள் மட்டும் பல்கலைக்கழகம் ஆகா. விரிவுரையாளர் பதவிக்கு நல்ல வகுப்பில் பெற்ற சிறப்புப் பட்டமே பெரும்பாலும் அடிப்படை. விரிவுரையாளர் குறைந்தால் சிறப்புக் கற்கைக்குரிய இடங்கள் சுருங்கும். அவ்விடங்கள் சுருங்கினால் நாளைய விரிவுரையாளர் குறைவர். இச்சுழலை உடைக்காத சமூகம், தன் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் பிறரை எதிர்பார்த்தே நிற்கும்.

ஆகவே நாம் மூன்றைக் கேட்கிறோம். புகுமுக நாளிலேயே இவ்வேறுபாடு தமிழில் எழுத்துமூலம் அறிவிக்கப்படல் வேண்டும். ஆளணிக் குறைவைக் காட்டிச் சிறப்புக் கற்கையின் கதவு அடைக்கப்படலாகாது. வறிய பொதுப் பட்டதாரிகளுக்குப் பட்டப்பின் படிப்பில் கட்டணச் சலுகை அளிக்கப்படல் வேண்டும்.

மாணவச் செல்வங்களே! கோரிக்கைகள் நிறைவேறும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. முதலாண்டை ஓய்வாண்டாகக் கருதாதீர்கள். உங்கள் துறையில் சிறப்புக் கற்கைக்கு என்ன தகுதி வேண்டும் என்பதை முதல் வாரத்திலேயே கேட்டறியுங்கள். அறிந்தபின் எந்தப் பட்டத்தைத் தெரிந்தாலும், அது உங்கள் தெரிவாக இருக்கட்டும்!