எடை கூடாத பச்சிளங் குழந்தை

(தோட்ட மண்டபத்தில் தாய்மார்களும் குடும்பத்தினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



பால்மரம் வெட்டி வாழும் நமக்குத் தராசின் அருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. விடியுமுன் காட்டிற்குச் சென்று, மங்கு மங்காகச் சேர்த்த பாலை நிறுக்கும் இடத்தில் வரிசையாக நின்று, நம் பெயருக்கு எதிரே எந்த எண் எழுதப்படுகிறது என்பதைக் கண்கொட்டாமல் பார்க்கிறோம். ஒரு கிலோ குறைந்தாலும் ஏன் குறைந்தது என்று கேட்கிறோம். நம் வீட்டில் பிறந்த குழந்தையின் எடையை அதே அக்கறையோடு பார்க்கிறோமா? இதுவே இன்று நாம் பேச வந்த பொருள்.

முதலில் ஓர் அச்சத்தைப் போக்கிவிடுவோம். பிறந்த குழந்தை முதல் சில நாட்களில் சிறிது எடை குறைவது இயற்கையே. மூன்று கிலோ எடையுடன் பிறந்த குழந்தை, நான்காம் நாளில் 200 கிராம் குறைந்திருந்தால் அது நோயன்று. ஆனால், பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கிற்கு மேல் குறைந்துவிட்டால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறைந்த எடை இரண்டு வாரத்திற்குள் மீண்டுவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 20 முதல் 30 கிராம் வரை கூடிவருவது நல்ல வளர்ச்சியாகும். இரண்டு வாரமாகியும் பிறந்த எடையை எட்டாத குழந்தையை, "எங்கள் பரம்பரையே ஒல்லி" என்று சொல்லி வீட்டில் வைத்திருக்கலாகாது.

ஒரு தோட்டத்தில் நாம் நேரிற் கண்ட நிகழ்ச்சியைச் சொல்லுகிறோம். தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு வந்திருந்த ஓர் இளம்பெண்ணுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிறந்தபோது எடை 2.7 கிலோ. ஐந்தாம் நாளில் 2.5 கிலோ. பதினான்காம் நாளில் தாதி வந்து நிறுத்தபோதும் அதே 2.5 கிலோதான். குழந்தையோ அழவே இல்லை, எந்நேரமும் உறங்கியது. "எவ்வளவு சாதுவான பிள்ளை!" என்று அண்டை அயலார் மெச்சினர். பாட்டி மட்டும் கலங்கிப்போய்த் திருஷ்டி கழித்தார். சங்கில் குளுக்கோஸ் தண்ணீர் புகட்டினார். கடையிலிருந்து ஒரு டின் இனிப்புக் கட்டிப்பாலும் வாங்கி வைத்துவிட்டார். "என் பால் தண்ணீராக இருக்கிறது, பிள்ளைக்குப் போதவில்லை" என்று தாய் கண்ணீர் விட்டாள்.

தாதி யாரையும் கடிந்துகொள்ளவில்லை. முதலில் தாயையும் குழந்தையையும் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று மருத்துவரிடம் காட்டினார். காமாலையோ, வேறு நோயோ இல்லை என்பது உறுதியான பின்னர், "இப்பொழுது என் முன்னே பால் கொடு, பார்க்கலாம்" என்றார். ஐந்தே நிமிடத்தில் காரணம் தெரிந்துவிட்டது. குழந்தையின் வாயில் காம்பின் நுனி மட்டுமே இருந்தது. நாலைந்து முறை உறிஞ்சியதும் அது உறங்கிப்போயிற்று. தாயும் எழுப்பாமல் கீழே கிடத்திவிட்டாள். இரவில் ஐந்து மணி நேரம் வரை பாலே இல்லை. பகலில் வயிற்றின் பாதியைக் குளுக்கோஸ் தண்ணீர் நிரப்பியது.

அன்பர்களே, பாலில் குறையில்லை. பால் போய்ச் சேரும் வழியில்தான் குறை இருந்தது. எடை கூடாத குழந்தைகள் பலரின் கதை இதுவே. ஆகவே, வேறு பாலைத் தேடுமுன் தாய்ப்பால் குழந்தையின் வயிற்றுக்குள் போகிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

அதை எவ்வாறு அறிவது? குழந்தையின் வயிறும் நெஞ்சும் தாயின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். வாய் அகலத் திறந்திருக்க வேண்டும். காம்பு மட்டுமன்றி, அதைச் சுற்றியுள்ள கரிய பகுதியிலும் பெரும்பங்கு வாய்க்குள் செல்ல வேண்டும். கீழுதடு வெளிப்புறம் மடங்கி, முகவாய் மார்பைத் தொட்டிருக்க வேண்டும். இவ்வாறு பிடித்தால் தாய்க்கு வலி நீடிக்காது. குழந்தை விழுங்கும் ஓசையும் கேட்கும். காம்பு வெடித்துப் புண்ணாகிறதென்றால், பெரும்பாலும் பிடிப்பு சரியில்லை என்பதே பொருள்.

இரண்டாவதாக, ஒரு நாள் ஓர் இரவில் 8 முதல் 12 முறை பால் கொடுக்க வேண்டும். எடை கூடாத குழந்தை உறங்கினாலும், மூன்று மணி நேரத்திற்கு மேல் விடாமல் எழுப்பிக் கொடுக்க வேண்டும். போர்வையை நீக்கி, உள்ளங்காலை மெல்ல வருடினால் விழித்துக்கொள்ளும். ஒரு பக்கத்தை நன்றாகக் குடித்து முடித்த பின்னரே மறுபக்கம் மாற்ற வேண்டும். தொடக்கத்தில் வரும் பால் நீர்த்திருக்கும். மார்பு வற்ற வற்ற வரும் பாலில் கொழுப்பு மிகுதி. எடை கூடுவதற்கு அதுவே துணை. நீர்த்த பாலைப் பார்த்து, "என் பால் சத்தில்லாதது" என்று எந்தத் தாயும் மனம் தளர வேண்டாம்.

மரத்தை ஓயாமல் வெட்டினால் பட்டை கெட்டுப் பால் வற்றிவிடும் என்பதை நாம் அறிவோம். தாய்ப்பால் அப்படியன்று. எடுக்க எடுக்கச் சுரக்கும். எடுக்காமல் விட்டால் குறையும். தண்ணீரும் டின் பாலும் கொடுத்துக் குழந்தையின் பசியை அடக்கினால், அது மார்பில் குடிப்பது குறையும், சுரப்பும் குறையும். பிறகு, உண்மையாகவே பால் இல்லாமற் போகும்.

மூன்றாவதாக, குழந்தை நனைக்கும் துணிகளை எண்ணுங்கள். ஐந்தாறு நாட்கள் ஆனபின் ஒரு நாளைக்கு ஆறு துணிகளாவது நன்றாக நனைய வேண்டும். முதலிற் போகும் கரிய மலம் மாறி, ஐந்தாம் நாளுக்குள் மஞ்சளாக வேண்டும். தராசு இல்லாத வேளையில் இவையே நமக்குத் தராசு.

இனி, அந்த இனிப்புக் கட்டிப்பாலைப் பற்றி ஒரு வார்த்தை. இது நம் நாட்டின் பழைய துயரம். டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையார் 1936-ஆம் ஆண்டில் மலாயாவுக்குப் பணியாற்ற வந்தார். குழந்தைக்கு நல்லதென்று சொல்லி விற்கப்பட்ட கட்டிப்பாலால் பச்சிளங் குழந்தைகள் நோயுற்று மடிவதைக் கண்டு மனம் கொதித்தார். 1939-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசியபோது, தம் உரைக்குப் 'பாலும் கொலையும்' என்றே பெயரிட்டார். அந்தப் பாலில் இருப்பது பெரிதும் சர்க்கரை. குழந்தையின் தசையும் எலும்பும் மூளையும் வளரத் தேவையான சத்துகள் அதில் உரிய அளவில் இல்லை. அன்று அவர் சொன்னது இன்றும் பொருந்தும். கட்டிப்பால் தேநீருக்கு உரியது, குழந்தைக்கு உரியதன்று. தேனும், சர்க்கரைத் தண்ணீரும், கடை மருந்தும் பச்சிளங் குழந்தைக்கு ஆகா. 6 மாதம் நிறையும் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீரும் வேண்டியதில்லை.

சில தாய்மார்களுக்கு, முயன்றும் போதிய பால் இல்லாமற் போகலாம். அது அவர்கள் குற்றமன்று. மருத்துவர் குழந்தைகளுக்கான பால்மாவு கொடுக்கச் சொன்னால், சொன்ன அளவு தவறாமல் கொதித்த நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். மாவு நெடுநாள் வரட்டும் என்று தண்ணீரை மிகுத்தால், வயிறு நிறையும், எடை கூடாது.

எடைக் குறைவுக்குப் பின்னே சில வேளைகளில் நோய் மறைந்திருக்கும். பால் குடிக்க மறுத்தல், எழுப்பினாலும் விழிக்காமை, காய்ச்சல், உடல் சில்லிட்டுப் போதல், வேகமான மூச்சு, நெஞ்சு உள்வாங்குதல், வலிப்பு, பச்சை நிற வாந்தி, கண்ணும் தோலும் மஞ்சளாதல், வெகுநேரம் சிறுநீர் போகாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் விடியும்வரை காத்திருத்தல் கூடாது. மஞ்சள் கண்ட குழந்தையை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று நாட்களைக் கடத்த வேண்டாம். காமாலை முற்றினால் மூளை கெடும். திருஷ்டி கழிப்பவர்கள் கழித்துக்கொள்ளட்டும். ஆனால், வண்டி முதலில் மருத்துவமனைக்குப் புறப்படட்டும்.

குழந்தைக்குப் பால் வேண்டுமானால் தாய்க்குச் சோறு வேண்டும். பத்தியம் என்ற பெயரில் வெறும் மிளகு ரசமும் சுட்ட கருவாடுமாகக் காலம் தள்ளலாகாது. மீன், முட்டை, பருப்பு, முருங்கைக்கீரை, பழம் யாவும் உண்ணலாம். தாகத்திற்குத் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடும்பத்தார் சோற்றோடு ஓய்வையும் கொடுக்க வேண்டும்.

தீபகற்ப மலேசியாவில் 2023-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு, பேறுகால விடுமுறை 60 நாட்களிலிருந்து 98 நாட்களாக உயர்ந்துள்ளது. ஒரே முதலாளியிடம் ஓராண்டு வேலை செய்த, மணமான ஆண் தொழிலாளிக்கும் 7 நாள் விடுமுறை உண்டு. தந்தையர்களே, அந்த ஏழு நாட்களைத் திண்ணையிற் கழிக்காதீர்கள். துணி துவையுங்கள், இரவில் குழந்தையை எழுப்பித் தாயிடம் கொடுங்கள், பதிவுப் புத்தகத்தோடு சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.

அந்தப் பெண் குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். தாதி பாட்டியை அருகில் அமர்த்தி, "பாட்டி, சங்கு இருக்கட்டும்; தண்ணீர்தான் வேண்டாம். உங்கள் மகள் பிழிந்து தரும் பாலை, நன்றாகக் கொதிக்க வைத்த இதே சங்கில் நீங்களே புகட்டுங்கள்" என்றார். பாட்டியின் முகம் மலர்ந்தது. தாய் ஒவ்வொரு முறையும் மார்பில் கொடுத்து, பின் கையால் பிழிந்தெடுத்த பாலைப் பாட்டியிடம் தந்தாள். குழந்தையைத் தாயின் நெஞ்சோடு நெஞ்சாக, தோலோடு தோலாக அணைத்து வைத்தனர். இரவில் தந்தை கடிகாரம் வைத்து எழுப்பினார். பதினேழாம் நாளில் 2.58 கிலோ. இருபத்தோராம் நாளில் 2.7 கிலோ. பிறந்த எடை மீண்டுவிட்டது. சாதுவான பிள்ளை, பசித்தால் லயமே அதிர அழத் தொடங்கிற்று. அந்த அழுகையைக் கேட்டுப் பாட்டி சிரித்தார். வாங்கி வைத்த டின் பால் தாத்தாவின் தேநீருக்குப் போயிற்று.

பெரியோர்களே! அக்குழந்தையைக் காத்தது விலையுயர்ந்த மருந்தன்று. பதினான்காம் நாளில் ஒருவர் நிறுத்துப் பார்த்தார். எண்ணைக் கண்டு காரணம் கேட்டார். குடும்பம் முழுவதும் கைகொடுத்தது. நம் தோட்டத்தில் இனிப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் அதுவே கிடைக்கட்டும். தாதி வரும் நாளில் வீட்டில் இருங்கள். குறித்த நாளில் குழந்தையை நிறுக்கக் கொண்டு செல்லுங்கள். எண் உயரவில்லையென்றால், "ஏன்?" என்று அன்றே கேளுங்கள்.