கடலைத் தடுத்த தளபதி



சீனாவைத் தாங் வம்சம் ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆண்டது. கடைசிக் காலத்தில் அரசு தளர்ந்தது. ஊருக்கு ஊர் தளபதிகள் தலையெடுத்தார்கள். ஒருவரோடு ஒருவர் மோதினார்கள். மக்கள் பட்டபாடு கொஞ்சமல்ல.

அந்தத் தளபதிகளில் ஒருவர் சியான் லியூ. 852-இல் பிறந்தவர். இளமையில் உப்பு கடத்தி விற்றவர். பிறகு படையில் சேர்ந்தார். ஹாங்சோ நகரின் தலைவரானார். 907-இல் தாங் ஆட்சி முடிந்தது. சியான் லியூ வூயுவே நாட்டின் அரசரானார்.

ஹாங்சோ ஆற்றங்கரை நகரம். கடல் பொங்கும்போது அலை சுவர்போல் எழும். ஆற்றுக்குள் பாய்ந்து வரும். மண் கரை அதற்குத் தாங்கவில்லை. வீடும் வயலும் ஆபத்தில் இருந்தன.

910-இல் சியான் லியூ புதுக்கரை கட்டச் செய்தார். தொழிலாளர்கள் மூங்கில் கூடைகளில் கல் நிரப்பினார்கள். அவற்றை வரிசையாக அடுக்கினார்கள். பெரிய மரங்களை ஊன்றி முட்டுக் கொடுத்தார்கள். கரை நின்றது. நகரம் வளர்ந்தது.

932-இல் சியான் லியூ இறந்தார். 978-இல் அவருடைய பேரன் போரிடாமலே நாட்டைச் சோங் பேரரசிடம் ஒப்படைத்தார். ஹாங்சோ தப்பியது.

இன்றும் அங்கே சியான் லியூவுக்குக் கோயில் இருக்கிறது. கல் சுமந்தவர்களின் பெயரோ நமக்குத் தெரியாது. அவர்கள் உழைப்பும் சேர்ந்துதான் அந்த ஊரைக் காத்தது.