மாரிகாலத்துத் திருகோணமலையும் கமராவும்



திருகோணமலையின் கடலைப் படத்திலே காணாதவர் நம்முள் மிகச் சிலரே. நாட்காட்டியிலும், அஞ்சலட்டையிலும், உல்லாசப் பயண விளம்பரங்களிலும், இந்நாளிற் கைபேசித் திரையிலும் அது எங்கும் காட்சி தருகின்றது. அப்படங்களை ஒருங்கே பரப்பிவைத்துப் பார்ப்பவர்க்கு ஒரு வியப்புத் தோன்றும். அவற்றுள் மழை இல்லை. கடல் நீலம், மணல் வெண்மை, வானமோ துடைத்துவைத்த கண்ணாடி. சித்திரை முதல் ஆவணி வரையுள்ள ஐந்து திங்களே எங்கள் ஊரின் முழு ஆண்டு என்று அவற்றைக் கண்டவர் எண்ணினால் அவரைக் குறைகூற இயலாது. ஐப்பசியும் கார்த்திகையும் மார்கழியும் தையும் எங்கே போயின?

காரணம் எளிது. வெளியூரார் வெயில் நாளிலே வருகின்றனர், வந்த நாளிற் கண்டதை எடுத்துச் செல்கின்றனர். உள்ளூராராகிய நாமோ முதல் மழை விழுந்ததும் கமராவைத் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுகின்றோம். ஆயினும் இம்மாவட்டத்தின் வாழ்வு தங்கியிருப்பது அந்தப் பெட்டி பூட்டிக் கிடக்கும் திங்கள்களிலேதான். கந்தளாய்க் குளம் நிரம்புவதும், தம்பலகாமத்து வயல்கள் பச்சை பிடிப்பதும், மகாவலி செந்நீர் சுமந்துவந்து கொட்டியாரக் குடாவைக் கலக்குவதும், மீனவர் தம் வள்ளங்களை மணல்மேட்டுக்கு இழுத்தேற்றி வானத்தைப் பார்த்திருப்பதும் அப்பொழுதே. இவற்றைப் படமாக்குவது எவ்வாறு என்பது பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன். எங்கள் பாடசாலையிற் கமராவில் ஆர்வமுள்ள மாணவர் சிலருடன் சில மாரிகளைக் கழித்தவன் என்பதன்றி, இத்துறையில் எனக்கு வேறு தகுதி கிடையாது.

முதலிற் காற்றைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். வானிலை ஆய்வாளர் இலங்கையின் ஆண்டை நான்கு பருவமாகப் பகுப்பர். மே தொடங்கிச் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்று. இவற்றின் இடையே மார்ச்சு, ஏப்ரலில் ஒன்றும் ஒற்றோபர், நவம்பரில் ஒன்றுமாக இரண்டு இடைப்பருவங்கள். தென்மேற்குக் காற்றுத் தன் நீரை மலைநாட்டின் மேற்குச் சரிவிலே சொரிந்துவிட்டு, வறண்டும் வெம்மையுற்றும் எம்மிடம் இறங்கி வருகின்றது. நம்மவர் அதனைக் கச்சான் என்பர். கச்சான் வீசும் நாளின் நண்பகலில் வானம் வெளிறிவிடும், தூரத்துக் குன்றுகள் புழுதி மங்கலிலே கரைந்துவிடும். எல்லாரும் படமெடுக்கும் காலம் அதுவாயினும், ஒளியைக் கருதினால் அது அத்துணைச் சிறந்த காலமன்று. மாரியிலோ ஒரு மழை பெய்து விட்டதும் காற்றிலுள்ள தூசி கழுவப்பட்டுவிடும். நேற்றுக் கண்ணுக்குத் தெரியாத குன்றின் மரங்களை இன்று ஒவ்வொன்றாக எண்ணலாம். மழை விட்ட அந்த அரைமணி நேரத்துக்காகவே யாம் நனைகின்றோம்.

ஞாயிற்றின் நிலையும் கருதத்தக்கது. கோணேசர் கோயில் அமைந்த சுவாமிமலையின் உச்சியில் நின்று பார்ப்போர்க்கு, ஆனியில் ஞாயிறு வடகிழக்கே ஒதுங்கி எழும். மார்கழியில் தென்கிழக்கே ஒதுங்கி எழும். இரண்டு முனைக்கும் இடையே ஏறத்தாழ 47 பாகை வேறுபாடு உண்டு. ஆகவே கோடையில் ஒரு பாறையின் முகத்தில் விழுந்த காலையொளி மாரியில் அதே பாறையின் மறுபக்கத்திலே விழும். சித்திரைப் புத்தாண்டை அண்டிய நாள்களிலோ உச்சிவேளையில் ஞாயிறு நம் தலைக்கு நேரே வந்துவிடுவதால் நிழல் காலடியில் ஒடுங்கிவிடும். அந்நாள்களில் நண்பகலில் எடுக்கும் படத்தில் மலையும் மரமும் தட்டையாகத் தோன்றும். ஆனால் அதே நாள்களின் பிற்பகலில் நிலப்பக்கத்து முகில்கள் கோபுரம்போல் அடுக்கடுக்காக எழும். அவற்றைக் காண்பதற்கென்றே நான் பள்ளி விட்டதும் உட்துறைமுகத்துக் கரைக்குப் போவதுண்டு. சுற்றிலும் குன்றுகள் காவலிருப்பதால், வெளிக்கடல் கொந்தளிக்கும் நாளிலும் அங்கே நீர் அடங்கிக் கிடக்கும். முகில் முழுவதும் அதிற் கவிழ்ந்து தெரியும்.

முகிலைப் படத்திற் பிடிப்பது முற்காலத்திற் பெரும்பாடாக இருந்தது. ஒளிப்படக் கலை 1839 இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் ஆரம்பகாலத்துத் தகடுகள் நீல ஒளிக்கே மிகுதியும் இசைந்தன. நிலம் பதிவதற்கு வேண்டிய நேரம் தகட்டைத் திறந்து வைத்தால் வானம் வெறும் வெள்ளையாய்ப் போய்விடும். பிரான்சு நாட்டவரான குஸ்தாவ் லெ கிரே 1850களின் பிற்பகுதியிற் கடற்காட்சிகளை எடுத்தபோது, வானத்துக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாகத் தனித்தனியே எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் இணைத்து அச்சிட்டார். 1855 இல் பர்மாவிலும், பின்னர் 1858 இல் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களிலும் படமெடுத்த லின்னேயஸ் டிரைப் என்னும் படையதிகாரி வேறு வழி கண்டார். மெழுகூட்டிய காகித எதிர்ப்படிகளின்மேல் வண்ணம் தீட்டி, வெறுமையான வானத்தில் முகில்களைத் தம் கையாலேயே வரைந்தார். ஆகவே நாம் உண்மையென்று நம்பி வியக்கும் பழைய வானங்களுட் சில தூரிகையின் வேலை. இன்றைய கைபேசி ஒரே கணத்திற் பல படங்களை எடுத்து ஒன்றாக்கி, லெ கிரே இருட்டறையிற் செய்ததைத் தானே செய்து முடிக்கின்றது. வேறெங்கோ எடுத்த வானத்தை ஒட்டிவைக்கும் வசதியும் அதில் உண்டு. என் மாணவர்க்கு அந்த வசதி மட்டும் விலக்கு. கார்த்திகைத் திங்கள் ஐந்தாம் நாள் மாலை கொட்டியாரத்தின்மேல் நின்ற முகில் எதுவோ, அதுவே எமக்கு வேண்டும்.

மாறும் வானிலையிற் படமெடுப்பவனுக்கு வேண்டிய முதற் பண்பு பொறுமை என்று பலர் எழுதுகின்றனர். நான் முன்னேற்பாடு என்பேன். பொறுமையோடு இரண்டு மணிநேரம் காத்திருந்தவன், ஒளி வந்த இருபது வினாடியிற் பையைத் துழாவிக்கொண்டிருந்தால் யாது பயன்? அமெரிக்கரான அன்செல் அடம்ஸ், நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் எர்னாண்டஸ் என்னும் சிற்றூரில், கல்லறைச் சிலுவைகள்மேல் மாலை வெயில் படிய, அவற்றுக்குப் பின்னே நிலவு எழுந்த காட்சியை எடுத்த வரலாறு பலரும் அறிந்தது. ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளிர்வு இவ்வளவு என்னும் அளவு அவர் நினைவில் இருந்தது. அதைக் கொண்டு மனத்திலே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படம் எடுக்கத் தகட்டைத் திருப்புமுன் சிலுவைகள்மேலிருந்த வெயில் போய்விட்டது. அப்படம் எடுத்த ஆண்டே அவர் நினைவிற் சரியாக இருக்கவில்லை. வானியல் அறிந்தோர் நிலவின் நிலையைக் கொண்டு கணித்து, அது 1941 நவம்பர் 1 என்று பிற்காலத்தில் முடிவு செய்தனர். ஆண்டை மறந்தவர் நிலவின் ஒளிர்வை மறக்கவில்லை என்பதை என் மாணவர்க்கு அடிக்கடி சொல்வேன்.

அளவு பற்றிய ஒன்றிரண்டு செய்திகள் நேயர்க்குப் பயன்படலாம். கமரா எதனைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கவே முயலும். கருக்கொண்ட முகிலை அதன் போக்கில் விட்டால் வெளிறச் செய்துவிடும். ஆதலின் ஒளியை ஒரு படி குறைத்தல் வேண்டும். கைபேசியில் திரையைத் தொட்டு விரலைக் கீழே இழுத்தாலும் இது கைகூடும். மழைத்தாரையைக் காட்ட விரும்புபவர் வெளிறிய வானத்தின் முன் அதைத் தேடக்கூடாது. கருத்த ஆலமரத்தையோ கோட்டை மதிலையோ பின்னணியாக்கி, வினாடியில் அறுபதில் ஒரு பங்கு நேரம் கொடுத்தால் தாரை கோடுகோடாக விழும். பாறையில் மோதும் திரையை ஐந்நூறில் ஒரு பங்கு நேரத்தில் எடுத்தால் ஒவ்வொரு துளியும் உறைந்து நிற்கும். கால் வினாடி கொடுத்தால் அது வெண்பட்டாய் வழியும். பத்து வினாடி கொடுத்தாற் கடல் புகையாகிவிடும். இந்தக் கடைசி வழக்கம் இப்பொழுது பெரிதும் பரவியுள்ளது. எனக்கு அதில் விருப்பமில்லை. வடகீழ்க் காற்றில் எங்கள் கடல் புகையாக இருப்பதில்லை. அதன் அடியை வாங்கிய வள்ளக்காரரைக் கேட்டால் தெரியும்.

உப்புநீர் கமராவுக்குக் கொடிய பகை. வில்லையிற் பட்ட கடற்சாரலை உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புப் பரல்கள் கண்ணாடியைக் கீறிவிடும். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி, பின்னரே உலர்ந்த துணி கொள்ளவேண்டும். குளிரூட்டிய அறையிலிருந்து நேரே வெளியே கொண்டுவந்தால் வில்லை வியர்த்துவிடும். ஆதலால் பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியில் வைத்துப் பழக்கவேண்டும். மாரி முழுவதும் பெட்டியிற் பூட்டி வைப்பதே வில்லையிற் பூஞ்சணம் பிடிக்கச் சிறந்த வழி. மழைக்கு அஞ்சிப் பூட்டிய கமராவே மழையாற் கெடுகின்றது.

இனி உயிரைப் பற்றிய செய்தி. சுவாமிமலை ஓங்கி உயர்ந்த பாறை. அதன் விளிம்பிற் காற்று திடீரென்று திசைமாறி அடிக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று வினாடி கழிந்தால் மின்னல் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. இடைவெளி முப்பது வினாடிக்குக் குறைந்தால் முக்காலியை மடக்கிக்கொண்டு கட்டடத்துக்குள் ஒதுங்குவதே எங்கள் விதி. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை வெளியே வருவதில்லை. கடற்கரையில் எவரும் திரைக்கு முதுகு காட்டக்கூடாது. வானத்தைப் படிப்பதில் எங்களுக்கு ஆசிரியர் மீனவரே. ஒருநாள் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், “வடக்கால கறுத்து வருது சேர், இனிக் கால்மணித்தியாலந்தான் உங்களுக்கு” என்றார். வானம் எங்கள் கண்ணுக்குத் தெளிவாகவே இருந்தது. கால்மணி கழியுமுன் மழை எங்களை நனைத்தது.

கடலின் உள்ளேயும் வானிலை உண்டு. 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடிக்கடலில் மூழ்கி, பழைய கோணேசர் கோயிலின் செதுக்கிய கற்களைக் கண்டனர், படமும் எடுத்தனர். போர்த்துக்கேயர் 1620களில் இடித்த கோயிலின் சிதைவுகளை உலகம் படத்திற் பார்த்தது அப்பொழுதுதான். கிளார்க் இதனை 1957 இல் வெளிவந்த நூலொன்றில் விரிவாக எழுதினார். கடல் அடங்கித் தெளியும் பருவத்திலேயே இது இயலும். மாரியில் ஆற்றுநீர் கலங்கிப் பரவும் நாளில் நீருக்கடியிற் கைக்கெட்டிய கல்லும் கண்ணுக்குத் தெரியாது.

நிற்க. எங்கள் மாரிக்குப் படம் குறைவாக இருப்பதற்கு மழை மட்டுமே காரணமன்று. 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் துறைமுகத்தை அண்டிக் கமராவைத் தோளில் மாட்டி நடப்பது எளிய காரியமாக இருக்கவில்லை. இன்றும் கடற்படைத் தளமும் கோட்டையின் படைப்பகுதிகளும் படமெடுக்கத்தக்க இடங்களல்ல. மாணவர்க்கு அவ்வெல்லையை முதலிலேயே காட்டிவிடுகின்றேன். வீடுகளில் இருந்த படங்களும் இடப்பெயர்விற் போயின. எஞ்சியவற்றுட் பல 2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலையோடு போயின. திருமணப் படம் ஒன்றேனும் இல்லாத குடும்பங்கள் இங்கே உண்டு. தம் தெரு மழையில் எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைக்குக் காட்ட எதுவும் இல்லாதவர் அவரினும் பலர்.

புயலும் எமக்குப் புதிதன்று. 1964 டிசெம்பரிலும் 2000 டிசெம்பரிலும் 2020 டிசெம்பரிலும் புயல்கள் இக்கரையைத் தாக்கின. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ வந்தபோது மகாவலி பெருகி, அதன் கீழ்ப்பகுதியிலுள்ள ஊர்கள் வெள்ளத்திற் கிடந்தன. அத்தகைய நாளிற் கமராவை எடுப்பதா என்பது என் மாணவரிடையே பெரிய வாதமாயிற்று. படம் இல்லாவிட்டால் வெள்ளம் எந்த மட்டத்துக்கு வந்தது என்று அடுத்த தலைமுறைக்கு எப்படித் தெரியும் என்றான் ஒருவன். தன் தாயார் நனைந்த பாயோடு நின்ற கோலத்தை யாரோ எடுத்து ஊரெல்லாம் அனுப்பியதைச் சொல்லி அழுதாள் ஒரு மாணவி. இரண்டும் உண்மையே. முடிவில் அவர்கள் தாமே வகுத்துக்கொண்டது இது: முதலிற் கை கொடுப்பது, நீர் வடியத் தொடங்கியபின் சுவரிற் படிந்த சேற்றுக்கோட்டை எடுப்பது, முகாமில் இருப்போர் முகத்தை, அவர் கேட்டாலன்றி, எடுக்காமல் விடுவது. அம்மாணவி எடுத்த சேற்றுக்கோட்டுப் படத்தில், ஒரு கதவும் அதன் பாதி உயரத்தில் ஒரு கறையும் மாத்திரமே உள்ளன. எங்கள் தொகுப்பில் நான் மிகுதியும் மதிப்பது அதனையே.

இப்பொழுது அவர்கள் தம்பலகாமத்திற் சாலையோரத்து இடம் ஒன்றைத் தேர்ந்து, திங்கள்தோறும் அதே அடையாளக் கல்லின்மேல் முக்காலியை நிறுத்தி, ஒரே திசையைப் படமெடுத்து வருகின்றனர். வெயிலா மழையா என்று பார்ப்பதில்லை. குறித்த நாள் வந்தால் குடையோடு போகின்றனர். படத்தின் பின்புறம் நாளும் நேரமும் காற்றின் பெயரும் எழுதுகின்றனர். கச்சான் என்று எழுதிய படத்தில் வரப்புகள் வெடித்துக் கிடக்கின்றன. வாடை என்று எழுதிய படத்தில் வயல் முழுதும் நீர்; அதன் நடுவே ஒரு கொக்கு; பின்னே குன்று இருக்கவேண்டிய இடத்தில் மழை மட்டும் நிற்கின்றது. அடுத்த படத்துக்குரிய நாள் வரும் சனிக்கிழமை.