ராஜநாயக்கனுக்குக் கிடைக்காத அங்கி



டென்மார்க்கைப் பற்றிப் பேசுகிறேன் என்றதும் அமைப்பாளர்கள் தயங்கினார்கள். மயிலாப்பூரில், அதுவும் தலித் இலக்கிய மேடையில், டென்மார்க் எதற்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நம் கூட்டங்களில், 'ஸ்காண்டிநேவிய நாடுகளைப் பாருங்கள், அங்கே மனிதரை மனிதர் சமமாக நடத்துகிறார்கள்' என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. அந்த டென்மார்க்காரர்கள் நம் கடற்கரையில் 1620 முதல் 1845 வரை, இடையில் சில ஆண்டுகள் ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்தது போக, இருந்திருக்கிறார்கள். நம்மை அவர்கள் எப்படி நடத்தினார்கள் என்று பார்த்துவிட்டு அவர்கள் ஊருக்குப் போவோம்.

தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். 1706இல் டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக் அனுப்பி சீகன்பால்கு வந்து இறங்கினார். அவர் ஜெர்மானியர், அனுப்பியதும் படியளந்ததும் டென்மார்க். அச்சுக்கூடம் வந்தது, 1715இல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சானது. இவ்வளவும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். படிக்காத ஒன்றைச் சொல்கிறேன்.

ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். பெயரைக் கேட்டுச் சாதியை முடிவு செய்துவிடாதீர்கள். பறையர். தஞ்சை மராட்டிய அரசரின் படையில் இருந்தவர். கத்தோலிக்கக் குடும்பம். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷப் புத்தகம் கைக்குக் கிடைக்க, அதைத் தானே வாசித்து, அந்தப் புத்தகத்தை அச்சிட்டவர்களைத் தேடி வந்தார். யாரும் அவரைக் கூட்டி வரவில்லை. எழுத்துதான் கூட்டி வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் நம்மவர் ஒருவர் அச்சுப் புத்தகத்தை வாசித்துத் தன் வழியைத் தானே முடிவு செய்தார் என்பதை நாம் இன்னும் உரக்கச் சொல்லியிருக்க வேண்டும். தலித் வாசிப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இவரிடமிருந்து தொடங்கலாம். படையை விட்டுவிட்டு உபதேசியாரானார். தஞ்சைப் பகுதியில் அடியும் மிரட்டலும் வாங்கிக்கொண்டு சபைகளை வளர்த்தார்.

1733இல் முதல் தமிழ்க் குருவாக ஆரோன் என்பவருக்கு அபிஷேகம் நடந்தது. அவர் வேளாளர். 1741இல் இரண்டாவது குருவைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நேரம். ராஜநாயக்கனின் உழைப்பையும் அறிவையும் மிஷனரிகள் மறுக்கவில்லை; தங்கள் கடிதங்களில் மெச்சியே எழுதினார்கள். ஆனாலும் டியோகோ என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள். காரணம், பறையர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் வரமாட்டார்கள் என்ற பயம். ராஜநாயக்கன் சாகும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். அந்த ஐரோப்பியர்களுக்குச் சாதியில் நம்பிக்கை இருந்ததா? இல்லை என்றே வைத்துக்கொள்வோம். நம்பிக்கை தேவைப்படவும் இல்லை. சபை உடையக் கூடாது என்ற கவலை ஒன்று போதுமானதாக இருந்தது. கோயிலுக்குள் சாதிவாரியாகத் தனித்தனி இடம் தொடர்ந்ததும் இதே கவலையால்தான். நூறு ஆண்டு கழித்து, 1833இல், கல்கத்தா பிஷப் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கண்டிப்பாக உத்தரவு போட்டபோது தஞ்சாவூரிலும் நம் வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாக வெளியேறினார்கள். ஆகவே 1741இன் பயம் பொய்யல்ல. அந்தப் பயத்துக்கான விலையை யார் தலையில் கட்டினார்கள் என்பதுதான் என் கேள்வி.

இனி அவர்கள் ஊர். ஆரோன் குருவான அதே 1733இல் டென்மார்க்கில் ஒரு சட்டம் வந்தது. 14 வயது முதல் 36 வயது வரையான குடியானவ ஆண்கள் பிறந்த பண்ணையை விட்டுப் போகக் கூடாது. பண்ணைக்கு ஆள் வேண்டும், படைக்கும் ஆள் வேண்டும். பின்னால் வயது வரம்பை இன்னும் நீட்டினார்கள். எதிர்த்துப் பேசிய குடியானவனை மரக்குதிரை என்ற கூரான கட்டையின்மேல் உட்கார வைக்கும் தண்டனை பண்ணையாரின் கையில் இருந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் தெரிந்த தஞ்சைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அதே காலத்தில் அவர்களுடைய கப்பல்கள் ஆப்பிரிக்கர்களை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அடிமைகளாகக் கொண்டுபோயின. மொத்தம் ஏறத்தாழ 1 லட்சம் பேர். ஆக, சமத்துவம் அவர்களுடைய ரத்தத்தில் ஊறியது என்ற பேச்சை விட்டுவிடலாம்.

அந்தக் கட்டு 1788இல் அவிழத் தொடங்கியது. குத்தகை விவசாயிகள் கடன் வாங்கிப் பண்ணை நிலத்தைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். ஆனால் அவர்களுக்குக் கீழே குடிசையும் கையகல நிலமும் மட்டும் வைத்திருந்தவர்களுக்கும், அதுவும் இல்லாத கூலிகளுக்கும் ஒன்றும் வரவில்லை. நேற்றுவரை தானும் அடிபட்ட விவசாயி இப்போது அவர்களுக்கு எஜமானன் ஆனான். 1849இன் புகழ்பெற்ற அரசியல் சட்டத்தில்கூடப் பெண்களுக்கும், பிறர் வீட்டில் வேலை பார்த்தவர்களுக்கும், ஏழை நிவாரணம் வாங்கியவர்களுக்கும் ஓட்டு இல்லை. நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்க அரசு கடன் தரும் சட்டம் 1899இல்தான் வந்தது. உதவியைத் தர்மமாக இல்லாமல் உரிமையாக மாற்றிய சமூகச் சீர்திருத்தம் 1933இல்.

குத்தகைதாரர் எழுவார், கூலி அப்படியே கிடப்பார். நமக்குத் தெரிந்த கதைதான். நம் நாட்டில் அந்தக் கூலிக்குச் சாதியும் சேர்ந்துகொண்டது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு 1892இல் பஞ்சமி நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது; டென்மார்க்கின் அந்தச் சட்டத்துக்கு 7 ஆண்டு முன்பே. அவர்களிடம் சட்டம் வந்தபோது நிலமற்றவர்களுக்குச் சங்கமும் ஓட்டும் பின்னால் இருந்தன. நம்மிடம் காகிதம் இருந்தது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டதற்கு 1994இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு இளைஞர்களை இழந்தோம்.

டென்மார்க்கை நான் குறைத்துப் பேசவில்லை. அந்த மருத்துவமும் கல்வியும் என் தெருவுக்கு வந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2018இல் அந்த அரசாங்கம் 'கெட்டோ' என்று பட்டியல் போட்டுச் சில குடியிருப்புகளைக் குறித்தது. மேற்கத்திய நாடுகளிலிருந்து வராதவர்கள் பாதிக்குமேல் இருப்பது அதற்கு ஓர் அடையாளம். அங்கே குடும்பங்களுக்கான பொது வீடுகளை 40 சதவீதத்துக்குள் குறைக்க வேண்டுமாம். இடிப்பார்கள், விற்பார்கள், ஆட்களை வேறு இடத்துக்கு அனுப்புவார்கள். 'ஒருங்கிணைப்பு' என்பது அவர்கள் வைத்த பெயர்.

இங்கே 'மறுவாழ்வு' என்கிறோம். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்காம் கால்வாய் ஓரம், வீடுகளை இடித்தபோது பெரியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். போகச் சொன்ன இடம் பெரும்பாக்கம். வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் தினமும் மயிலாப்பூர் வர வேண்டியவர்களை அவ்வளவு தூரம் போகச் சொன்னார்கள். அந்த இடம் இங்கிருந்து நடந்துபோகும் தூரம்தான். கூட்டம் முடிந்ததும் நான் அங்கே போகிறேன். மாணவர்களில் வர விருப்பமுள்ளவர்கள் வாசலில் நில்லுங்கள், சேர்ந்து போகலாம்.