தொடர் முடிந்த பிறகு

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேச வந்தவள் தொலைக்காட்சி நாடக நடிகைகளைப் பற்றிப் பேசப்போகிறாள் என்று நிகழ்ச்சிநிரலில் கண்டதும் உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். வேறு தலைப்பே கிடைக்கவில்லையா என்றும் நினைத்திருப்பீர்கள். காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று காலையிலிருந்து இந்த மண்டபத்தில் எல்லோரும் ஒரே விடயத்தைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். "நீ அந்த வருஷம் வலைப்பந்து கப்டன்." "நீங்கள் தமிழ்த்தினப் போட்டியில் அகில இலங்கை மட்டத்தில் முதலாமிடம்." "இவதான் உயர்தரத்தில் மூன்று 'ஏ' எடுத்தவ." நல்ல பேச்சுத்தான். ஆனால் அதெல்லாம் எமக்குப் பதினெட்டு வயதாகுமுன் நடந்தவை. அதற்குப் பின்னும் நாற்பது, ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்துவிட்டோம். அந்த ஆண்டுகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இந்தச் சிக்கல் ஊரறிய நடப்பது தொலைக்காட்சி நடிகர்களுக்குத்தான். ஆகவே அவர்கள் வழியாக அதைப் பார்ப்போம்.

இலங்கையில் சுயாதீனத் தொலைக்காட்சி 1979 இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 இல் வந்தது. மதுரங்குளி, பாலாவி, முந்தல் பக்கம் மின்சாரம் எல்லா வீட்டுக்கும் வராத காலம் அது. கார் பற்றரியில் ஓடிய பெட்டிக்கு முன்னால் அயல் வீட்டார் எல்லாம் பாயில் இருந்து பார்த்தது மூத்த மாணவியருக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் எம்மையெல்லாம் அழவைத்தவள் ஜப்பானிய 'ஓஷின்'. 1983 ஏப்ரலிலிருந்து ஒரு வருடம் ஜப்பானில் 297 அங்கங்களாக ஒளிபரப்பான தொடர் அது. சிறுமி ஓஷினாக நடித்த அயாகோ கொபயாஷிக்கு அப்போது வயது பத்து. உலகத்தின் பாதி அந்த முகத்தை அறிந்தது. அந்தப் பிள்ளை பிறகு பள்ளிப் படிப்பைத் தொடர்ந்தது, பல்கலைக்கழகப் பட்டம் பெற்றது, நடிப்பையும் விடவில்லை. ஆனாலும் வளர்ந்த பெண்ணான பிறகும் உலகம் அவரிடம் தேடியது அந்தப் பத்து வயதுப் பிள்ளையைத்தான்.

பாத்திரம் மனிதரின் பெயரையே பிடித்துக்கொள்வது எமது நாட்டில் தொலைக்காட்சிக்கு முன்னரே நடந்த ஒன்று. இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' கேட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அது வெற்றியடைந்ததால் 1976 இல் 'கோமாளிகள்' என்று திரைப்படமாகவும் வந்தது. அதில் பங்கெடுத்த கலைஞர்களை இன்றைக்கும் எப்படிச் சொல்கிறோம்? மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன். தாய் தகப்பன் வைத்த பெயருக்கு முன்னால் பாத்திரத்தின் பெயர் போய் உட்கார்ந்துவிட்டது. அது பெரிய கௌரவம். ஆனால் அப்படி ஒரு பெயர் ஒட்டிய பிறகு, புதிதாக எந்த வேடத்தில் வந்தாலும் சனம் பழையவரையே தேடும்.

தமிழ்த் தொடர்களில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். சன் தொலைக்காட்சியின் 'கோலங்கள்' 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. 1533 அங்கங்கள். தொடங்கியபோது முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளை முடியும்போது ஏழாம் வகுப்பு. அத்தனை காலமும் வாரத்தில் ஐந்து நாள் அபி என்ற பெண் எங்கள் வரவேற்பறைக்கு வந்து போனாள். சினிமா நட்சத்திரத்தைப் பார்க்க டிக்கற் எடுக்க வேண்டும், வெளிக்கிட்டுப் போக வேண்டும். தொடர் நடிகையோ நாங்கள் தேங்காய் துருவும்போதும் முன்னால் நிற்கிறாள். அதனால் பாசம் அதிகம். அதே காரணத்தால்தான் படத் தயாரிப்பாளர்கள் தயங்குகிறார்கள். நாளாந்தம் வீட்டில் சும்மா பார்க்கும் முகத்துக்கு யார் காசு கொடுப்பார்கள் என்பது அவர்களின் பழைய கணக்கு.

பணப்பக்கம் இன்னும் கடினமானது. தொடர் நடிகர்களில் பெரும்பாலோர்க்கு மாதச் சம்பளம் இல்லை. படப்பிடிப்புக்குப் போன நாளுக்குத்தான் கூலி. வாரந்தோறும் வரும் டி.ஆர்.பி. இறங்கினால் கதை சுருங்கும், பாத்திரம் வெளியூர் போகும், சில வேளை விபத்தில் இறந்தும் போகும். தொடர் முடிந்தால் வருமானமும் அன்றோடு முடியும். ஆனால் புகழ் முடிவதில்லை. கடைக்குப் போனால் பத்துப் பேர் சூழ்ந்துகொள்வார்கள். கையில் வேலை இல்லாமல் முகத்தில் மட்டும் புகழ் இருப்பது எவ்வளவு பாரம் என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவில் நடிகர் சங்கம் 1960 இல் வேலைநிறுத்தம் செய்து, படங்கள் தொலைக்காட்சியில் காட்டப்படும்போது நடிகருக்கும் பங்கு, ஓய்வூதியம், மருத்துவக் காப்பு என்பவற்றைப் பெற்றது. அப்போது சங்கத் தலைவராக இருந்தவர் ரொனால்ட் றேகன். இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்நாட்டின் சனாதிபதியாகத் தெரிவானாரே, அவரேதான். அவ்வாறான உறுதியான ஏற்பாடு எங்கள் பக்கத்துக் கலைஞர்களுக்கு இன்னும் கனவுதான்.

இனி, தொடர் முடிந்த பிறகு எழுந்து நின்றவர்களைப் பார்ப்போம். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழி.

ராதிகா 1999 முதல் 2001 வரை 'சித்தி'யாக இருந்தார். அவருடைய தாயார் எமது நாட்டைச் சேர்ந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். சித்தி முடிந்ததும் அடுத்த வாய்ப்பு யார் தருவார் என்று அவர் காத்திருக்கவில்லை. ஏனென்றால் தொடரைத் தயாரித்ததே அவருடைய ராடான் நிறுவனம். அண்ணாமலை, செல்வி, அரசி, செல்லமே, வாணி ராணி என்று அடுத்தடுத்து வந்தன. நடிகைக்கு வயது ஏறியது, ஆனால் கதையைத் தெரிவு செய்யும் அதிகாரம் அவர் கையில் இருந்ததால் வயதுக்கேற்ற பாத்திரமும் வந்தது. 2020 இல் 'சித்தி 2' தொடங்கினார். அடுத்த ஆண்டே அதிலிருந்து விலகினார். போதும் என்று தானே தீர்மானிக்கும் உரிமையும் அந்த அதிகாரத்தோடு சேர்ந்தது.

'மெட்டி ஒலி' 2002 இலிருந்து 2005 வரை ஓடியது. அதை இயக்கி, கோபியாக நடித்தவர் திருமுருகன். முடிந்ததும் 'எம் மகன்' என்ற திரைப்படத்தை 2006 இல் இயக்கினார், பிறகு இன்னொரு படம். 2010 இல் 'நாதஸ்வரம்' தொடரோடு சின்னத்திரைக்கே திரும்பினார். சினிமாவுக்குப் போனவர் திரும்பி வந்தால் தோற்றுப்போனார் என்று சொல்வது எங்கள் வழக்கம். அவரோ தனக்குக் கைவந்த வேலை எதுவோ அதற்குத் திரும்பினார். நாதஸ்வரமும் ஐந்து வருடம் ஓடியது. அதே மெட்டி ஒலியில் மருமகனாக வந்த சேத்தன், அதன் பின் பல ஆண்டுகள் சிறிய பெரிய வேடங்கள் செய்து, 2023 இல் 'விடுதலை' படத்தில் கொடிய பொலிஸ் அதிகாரியாக வந்தபோது, "இவர் இத்தனை நாள் எங்கிருந்தார்?" என்று கேட்டார்கள். அவர் எங்கும் போகவில்லை. வேலை செய்துகொண்டுதான் இருந்தார், நாங்கள்தான் பார்க்கவில்லை.

தீபா வெங்கட்டை 'கோலங்கள்' உட்படப் பல தொடர்களில் பார்த்திருக்கிறோம். இப்போது அவர் முகத்தைவிட அவர் குரலைத்தான் அதிகம் கேட்கிறோம். நயன்தாராவின் பல படங்களில் எமக்குக் கேட்பது தீபாவின் குரல். திரையில் தெரியாமல் இருந்தும் தொழிலில் முன்னணியில் இருக்கலாம் என்பதற்கு அவர் சாட்சி. வாணி போஜன் 'தெய்வமகள்' 2018 இல் முடிந்த பின் 2020 இல் 'ஓ மை கடவுளே' படத்தில் வந்து, தொடர் முகம் சினிமாவுக்கு உதவாது என்ற பழைய கணக்கைப் பிழையாக்கினார்.

ஆசிரியைகள் அனைவரும் மகிழக்கூடிய செய்தி ஒன்று. கோலங்கள் அபியாக ஆறு வருடம் நடித்த தேவயானி, பிறகு சில காலம் சென்னையில் ஒரு பாடசாலையில் ஆசிரியையாக வேலை பார்த்தார். திரையில் கோடிப் பேர் பார்த்த பெண், ஒரு வகுப்பறைப் பிள்ளைகளுக்கு முன்னால் சோக்குக் கட்டியோடு நின்றார். அதன் பின் மீண்டும் நடித்தார். 2025 இல் வந்த '3 பி.எச்.கே.' படத்தில் ஒரு நடுத்தரக் குடும்பத்துத் தாயாக அவரைக் கண்டோம். தொழில் மாறினால் மதிப்புக் குறையும் என்று பயப்படுகிற பெண்களுக்கு இந்த ஒரு கதை போதும்.

வடக்கே போனால் இன்னொரு வழி. 1987, 88 இல் 'ராமாயண்' தொடரில் சீதையாக வந்த தீபிகா சிக்லியா 1991 இல் பரோடாவிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். 2000 முதல் 2008 வரை ஓடிய இந்தித் தொடரில் துளசியாகப் பெயர்பெற்ற ஸ்மிருதி இரானி 2014 இல் மத்திய அமைச்சரானார், 2024 தேர்தலில் தோற்றார், 2025 இல் அதே துளசியாகத் திரும்பவும் திரைக்கு வந்தார். அரசியல் சரி பிழை எமது விடயமல்ல. பழைய பாத்திரம் ஒரு தாய் வீடு போல, போய் வரலாம் என்பதை மட்டும் கவனியுங்கள். ஆனால் தாய் வீட்டில் எல்லோருக்கும் இடம் காத்திருப்பதில்லை. 'எதிர்நீச்சல்' 2024 இல் முடிந்து அதே ஆண்டில் இரண்டாம் பாகம் தொடங்கியபோது, ஜனனி என்ற பாத்திரம் தொடர்ந்தது. அதில் நடித்த மதுமிதாவுக்குப் பதிலாக வேறொருவர் வந்தார். கதிரை இருக்கும், ஆள் மாறும். பதவியில் இருந்து ஓய்வு பெற்ற எல்லோருக்கும் இது தெரியும்.

இவர்கள் எல்லோரையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்குப் புலப்படுவது இதுதான். பெரிய வெற்றி வந்த காலத்திலேயே இன்னொரு திறமையையும் கையில் வைத்திருந்தவர்கள் நிலைத்தார்கள். ஒருவருக்குத் தயாரிப்பு, ஒருவருக்கு இயக்கம், ஒருவருக்குக் குரல், ஒருவருக்குக் கற்பித்தல். வெற்றி முடிந்த பிறகு தேடத் தொடங்கினால் காலம் பிந்திவிடும். அடுத்தது, சிறிய வேலையைச் செய்ய அவர்கள் வெட்கப்படவில்லை.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். இந்தப் பாடசாலை மேடையில் முதலாமிடம் பெற்ற பிள்ளைகளில் எத்தனை பேர் திருமணத்தோடு அமைதியானார்கள்? எத்தனை பேர் குடும்பத்துக்காக மத்திய கிழக்குக்குப் போய் அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் பத்து வருடம் நின்றார்கள்? 1990 இல் வடக்கிலிருந்து உடுத்த உடையோடு வந்து, எமது வகுப்புகளில் பக்கத்தில் அமர்ந்து, பிறகு வெவ்வேறு திசைகளுக்குப் போன தோழிகள் இன்று என்ன செய்கிறார்கள்? இவர்களில் பலர் இந்த விழாவுக்கு வரவில்லை. வசதியில்லாமல் அல்ல. "இப்ப என்ன செய்றீங்க?" என்ற கேள்விக்குப் பயந்து வரவில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தி தொலைபேசியில் சொன்னாள்: "நான் அப்ப நல்லாப் பாடினவள் எண்டுதான் எல்லாருக்கும் ஞாபகம். இப்ப தையல் மிஷினோட இருக்கிறன். வந்து என்னத்தச் சொல்றது?" அவள் தைத்த சீருடைகளைத்தான் இன்று பின்வரிசைப் பிள்ளைகளில் சிலர் உடுத்திருக்கிறார்கள். அதைவிடப் பெரிய விருது இந்தப் பாடசாலையால் கொடுக்க முடியாது.

ஆகவே சங்கத்திடம் என் வேண்டுகோள் ஒன்று. எமது பதிவேட்டில் பரிசு பெற்ற வருடமும் பதவியும் மட்டுமே இருக்கின்றன. அதன் பக்கத்தில் இன்னொரு நிரலைத் திறப்போம்: பாடசாலைக்குப் பின் அவர் கற்றுக்கொண்ட வேலை எது, அதை யாருக்குச் சொல்லிக்கொடுக்க விரும்புகிறார் என்று. தையல், கணக்கியல், தாதியம், இறால் பண்ணை நிர்வாகம், அரபு மொழி, முதியோர் பராமரிப்பு, எதுவானாலும் எழுதுவோம். வெளிநாட்டில் இருப்பவர்களும் எழுதி அனுப்பலாம். வேலை தேடும் தங்கை ஒருத்திக்கு எங்கள் பழைய கிண்ணங்களைவிட அந்த நிரல்தான் உதவும்.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு சொல். இந்த வருடம் உங்களில் ஒருத்தி பெரிய வெற்றி பெறுவாள். நாங்கள் கைதட்டுவோம், மாலை போடுவோம், பத்திரிகையில் படம் வரும். அதை நன்றாக அனுபவியுங்கள். ஆனால் பாட்டுக்காரியாக இருந்தால் கணக்கையும் கற்றுக்கொள்ளுங்கள். கணக்கில் கெட்டிக்காரியாக இருந்தால் கையால் செய்யும் ஒரு தொழிலையும் கற்றுக்கொள்ளுங்கள். கைதட்டல் நின்ற பிறகும் நீங்கள் எங்கள் பிள்ளைதான். இருபது வருடம் கழித்து எந்த வேலையில் இருந்தாலும் தயங்காமல் இந்த வாசலுக்கு வாருங்கள். பழைய பரிசைப் பற்றி அல்ல, அன்றைய உங்கள் வேலையைப் பற்றித்தான் முதலில் கேட்போம் என்று இந்த மண்டபத்தில் இருக்கும் அக்காமார் சார்பில் வாக்குத் தருகிறேன்.