கணனியிற் பெயர் மாற்றமும் உடைமைக் காப்பும்

(மன்றத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வீட்டுக் கணனியிலே பயனர் பெயரைப் பழுதின்றி மாற்றுவது எங்ஙனம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். சமய மன்றத்திலே இஃதென்ன பேச்சு என்று சிலர் எண்ணலாம். காரியம் சிறியதுதான். ஆயினும், இதனை அவசரத்திற் செய்தால் ஒரு குடும்பத்தின் உடைமை முழுவதும் கண்ணுக்கு மறைந்துபோகக் கூடும் ஆதலின், நின்று பேச வேண்டியிருக்கின்றது.

முன்னாளில் நம் வீடுகளிலே காணி உறுதியும் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் பெட்டகத்திலே இருந்தன. 2009 ஆம் ஆண்டில் ஊரூராய் இடம்பெயர்ந்து, ஈற்றிலே செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமை அடைந்த வன்னி மக்களுட் பலரிடம் ஒரு துண்டுப் பத்திரந்தானும் எஞ்சவில்லை. 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. ஊர் திரும்பியோர் பதிவாளர் அலுவலகத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்து பெற்ற பிரதிகளை இன்று பலர் படமாக்கிக் கணனியிலே வைத்திருக்கின்றனர். பிள்ளைகளின் படிப்புக் குறிப்புகளும், வற்றாப்பளைப் பொங்கலிலே எடுத்த படங்களும், மறைந்தோரின் முகங்களும் அதனுள்ளேயே இருக்கின்றன. ஆகவே அது வெறும் யந்திரமன்று. நமது இன்றைய பெட்டகம்.

இனி, பெயரை ஏன் மாற்ற விரும்புகின்றனர்? கடைக்காரர் அவசரத்தில் 'யூசர்' என்று எழுதித் தந்திருப்பார். அல்லது வெளிநாட்டு உறவினர் தாம் பாவித்த கணனியைத் தம் பெயருடனேயே கொடுத்திருப்பார். அவ்வாறு வந்த கணனியிலே நம் கோப்பு எதுவும் இன்னும் சேரவில்லையாயின், கொடுத்தவருக்கு வேண்டியவற்றை அவரிடம் சேர்ப்பித்தபின், முழுவதையும் துடைத்துப் புதிதாக நிறுவுதலே சாலச் சிறந்தது. நம் கோப்புகள் சேர்ந்துவிட்ட பின்னர்தான் எச்சரிக்கை வேண்டும்.

விண்டோஸ் கணனியிலே பெயர் என்று நாம் ஒன்றாக எண்ணுவது உண்மையில் மூன்றாகும். முதலாவது, திரையிலே தோன்றும் பெயர். இது வாசலிலே தொங்கும் பெயர்ப்பலகை போன்றது. இரண்டாவது, சி வட்டிலே 'யூசர்ஸ்' என்னும் இடத்தில் உள்ள கோப்புறையின் பெயர்; இது கடிதம் வந்து சேரும் முகவரி போன்றது. மூன்றாவது, கணனி தானே அக்கணக்குக்கு வழங்கும் நீண்ட இலக்கம். இது நமது அடையாள அட்டை இலக்கத்தை ஒத்தது.

பெயர்ப்பலகையை மாற்றுவதிலே ஆபத்தில்லை. கொன்ட்ரோல் பனலிலே பயனர் கணக்குகள் என்னும் பகுதிக்குச் சென்று மாற்றிக்கொள்ளலாம். மைக்ரோசொப்ட் கணக்கினால் நுழைபவராயின், அப்பெயரை இணையத்திலுள்ள அக்கணக்கிலேயே மாற்ற வேண்டும். இவ்வாறு மாற்றினாலும் கோப்புறையின் பெயர் பழையபடியே இருக்கும். அது குற்றமன்று, விட்டுவிடலாம்.

ஆனால் பலர் அத்துடன் அமைவதில்லை. மைக்ரோசொப்ட் கணக்கினால் முதன்முறை நிறுவும்போது மின்னஞ்சல் முகவரியின் முதல் ஐந்து எழுத்துக்களே கோப்புறைக்குப் பெயராகின்றன. சிவசுப்பிரமணியம் என்பவர் அங்கே 'சிவஸ்' என்று குறுகிவிடுகின்றார். அதனைக் கண்டு மனம் பொறாது, கோப்புறையின் பெயரையே கையால் மாற்ற முற்படுகின்றனர். ஆபத்து இங்கேதான் இருக்கின்றது.

அந்தக் கணக்குக்கு உரிய கோப்புறை எது என்னும் குறிப்பு 'ரெஜிஸ்ட்ரி' என்ற பதிவேட்டிலே பழைய பெயரிலேயே நிற்கும். மறுமுறை நுழையும்போது கணனி பழைய முகவரியைத் தேடிக் காணாது, பெரும்பாலும் ஒரு தற்காலிகக் கணக்கைத் திறந்துவிடும். மேசைத்திரை வெறுமையாய்த் தோன்றும். வீட்டார் எல்லாம் அழிந்தனவென்று கலங்குவர். உண்மையில் பழையவை அழியவில்லை. அத் தற்காலிகக் கணக்கிலே புதிதாகச் சேமிப்பவையே வெளியேறியவுடன் அழியும். ஆதலால் அந்நிலை நேர்ந்தால் எதனையும் சேமியாதீர்கள். கணனியைத் துடைத்து மீள நிறுவவும் வேண்டாம். நிருவாகி உரிமையுள்ள வேறொரு கணக்கினால் நுழைந்து, கோப்புறைக்குப் பழைய பெயரையே மீளச் சூட்டி, கணனியை நிறுத்தித் தொடங்குங்கள்.

பதிவேட்டையும் சேர்த்துத் திருத்தினால் போதாதோ என்பாரும் உளர். செயலிகள் பலவும் பழைய முகவரியைத் தத்தம் குறிப்புகளிலே எழுதி வைத்திருக்கும். ஒன்றைத் திருத்த மற்றொன்று தடுமாறும்.

அங்ஙனமாயின் நல்வழி யாது? கோயிலிலே திருப்பணி தொடங்குமுன் நாம் என்ன செய்கின்றோம்? பாலஸ்தாபனம் செய்து, மூர்த்தியின் சாந்நித்தியத்தைப் பிறிதோர் இடத்திலே எழுந்தருளச் செய்த பின்னரே மூலஸ்தானத்திலே கை வைக்கின்றோம். அந்த ஒழுங்கே இங்கும் வேண்டும்.

முதற்கண், உங்கள் ஆவணங்களையும் படங்களையும் வெளி வன்தட்டு ஒன்றிலே பிரதி எடுங்கள். எடுத்தவற்றுட் சிலவற்றை வேறொரு கணனியிலே திறந்து பாருங்கள்; திறந்து பாராத பிரதியைப் பிரதியென்று நம்பலாகாது. பிரதி எடுக்கும்போது மின்சாரம் நின்றால் கோப்பு பாதியிலே முறியக்கூடும். 2022 மார்ச் இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டைக் கண்டவர்கள் நாம். ஆகவே மின்கலம் நிரம்பிய மடிக்கணனியிலோ, யூ.பி.எஸ். துணையுடனோ செய்யுங்கள்.

இரண்டாவதாக, விரும்பிய பெயரிலே புதிய கணக்கொன்றைத் தொடங்கி, அதற்கு நிருவாகி உரிமை கொடுங்கள். மூன்றாவதாக, ஆவணங்கள், படங்கள், மேசைத்திரைக் கோப்புகள் ஆகியவற்றை மாத்திரம் புதிய கணக்கின் உரிய இடங்களுக்குக் கொண்டு செல்லுங்கள். 'அப்டேட்டா' என்னும் மறைந்த கோப்புறையை முழுதாகப் பெயர்க்க வேண்டாம். இணைய உலாவியிலே சேமித்த கடவுச்சொற்கள் பழைய கணக்கோடு பூட்டப்பட்டவை. கோப்பைப் பிரதி செய்வதனால் மாத்திரம் அவை உடன் வாரா. அவற்றை முன்னரே குறித்துப் பத்திரப்படுத்துங்கள்.

ஈற்றிலே, பழைய கணக்கை உடனே நீக்காதீர்கள். நீக்கும்போது அதன் கோப்புகளும் அழியக்கூடும். ஒரு மாதமேனும் புதியதிலே பழகி, ஒன்றும் குறையவில்லையெனத் தெளிந்த பின்னர் நீக்குங்கள்.

தமிழ்ப் பற்றுள்ள இளைஞருக்கு ஒரு சொல். 1991 ஆம் ஆண்டில் வெளியான யுனிக்கோடின் முதற் பதிப்பிலேயே தமிழ் எழுத்துக்கள் இடம்பெற்றன. ஆதலால் கணக்குக்குத் தமிழ்ப் பெயர் சூட்டத் தடையில்லை. ஆயினும் தொடக்கத்திலேயே தமிழிற் சூட்டினால் கோப்புறையும் தமிழ்ப் பெயர் பெறும். பழைய செயலிகள் சில அதனை வாசிக்க மாட்டாது இடறும். முதலில் இடைவெளியற்ற குறுகிய ஆங்கில எழுத்துப் பெயரிலே கணக்கைத் தொடங்கி, பின்பு திரைப்பெயரைத் தமிழாக்குங்கள். முகவரி எளிதாகும், பெயர்ப்பலகை தமிழில் விளங்கும்.

லினக்ஸ் கணனியிலும் நிலைமை இதுவே. 'யூசர்மொட்' என்னும் கட்டளையால் நுழைவுப் பெயரை மாற்றினும், வீட்டுக் கோப்புறையைப் பெயர்க்கத் தனியே ஆணையிட வேண்டும். கணக்கின் இலக்கம் மாறாது நிற்கும்.

இளைஞர்களே, கணனி தெரிந்தவர் என்று உங்களை அயலார் அழைப்பர். போய்ச் சில நொடிகளிலே வித்தை காட்டிவிட்டு வருவது பெருமையன்று. "அம்மா, உங்கள் உறுதியின் பிரதி வேறெங்கேனும் இருக்கின்றதா?" என்று முதலிலே கேளுங்கள். இல்லையென்றால், அன்று பெயரைத் தொடாமல் பிரதியை மாத்திரம் எடுத்துக் கொடுத்து வாருங்கள். பெயரை அடுத்த கிழமையும் மாற்றலாம். ஒருமுறை எல்லாவற்றையும் இழந்து, மறுபடியும் அலைந்து தேடிச் சேர்த்தவர்களை, நம் கையாலே மீண்டும் இழக்கச் செய்யலாகாது.