தண்டவாளம் போனது, வழி நின்றது
(தோட்டக் கிளைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பளம், வீடு, தண்ணீர் ஆகியவற்றைப் பற்றி இந்த மேடையில் பல முறை பேசியாயிற்று. இன்று எனக்குத் தந்திருக்கும் பொருள், பிள்ளைகளுக்காகப் பிறந்த ஊரைக் காப்பது. "அது அரசாங்கத்தின் வேலையல்லவா? சங்கத்துக்கு அதில் என்ன?" என்று சிலர் கேட்கக்கூடும். சிங்கப்பூரில் நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே முடிவு சொல்லுங்கள்.

சிங்கப்பூர் நமக்கு அந்நிய ஊரல்ல. 1877-ல் 22 ரப்பர்க் கன்றுகள் அங்குள்ள தாவரத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் சில கோலகங்சாருக்குப் போயின. 1888-ல் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் பட்டையை மெல்லச் சீவி, அதே காயத்தைத் திரும்பத் திறந்து பால் எடுக்கும் முறையை ஆராய்ந்து நிலைநாட்டினார். விடியற்காலையில் தலைவிளக்கோடு நிரைக்குப் போகிறவனின் கை இன்றும் அந்த முறையைத்தான் பின்பற்றுகிறது. 2015-ல் ஐ.நா.வின் யுனெஸ்கோ அந்தத் தாவரத் தோட்டத்தை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றது. சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் பெருமை அது. அந்தப் பெருமையில் நம் பால்மரத்துக்கும் பங்குண்டு.

நாம் வெட்டிய பால் ஷீட்டாகித் துறைமுகத்துக்குப் போன வழிகளில் இரயில் முக்கியமானது. சிங்கப்பூர்த் தீவுக்குள் 1903-லேயே தண்டவாளம் போட்டார்கள். 1932-ல் தஞ்சோங் பகாரில் பெரிய நிலையம் திறந்தார்கள். அதன் உள் மண்டபச் சுவர்களில் மலாயாவின் தொழில்களைப் பெரிய ஓவியங்களாகப் பதித்திருக்கிறார்கள். நெல் நடவு, ஈயச் சுரங்கம், மாட்டு வண்டி, கப்பல் ஆகியவற்றோடு பால் வெட்டும் காட்சியும் அங்கே உண்டு. ஆம் தோழர்களே, அந்த மண்டபச் சுவரில் நம் தொழில் இருக்கிறது. ஆனால் வெட்டுகிறவனுக்கு அங்கே பெயர் இல்லை.

பெயரில்லாமல் உழைத்தவர்கள் இரயில் பாதையிலும் இருந்தார்கள். அதே 1932-ல், குவீன்ஸ்வே அருகே தண்டவாளத்து ஓரமாக, இரயில்வேயில் வேலை செய்த நம்மவர்கள் முனியாண்டிக்கு ஒரு சிறு கொட்டகை எழுப்பினார்கள். பிற்காலத்தில் சாலை விரிவுக்காக அந்த இடத்தை விட வேண்டி வந்தது. இன்று காமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம் அதன் தொடர்ச்சி. கோயிலைத் தூக்கிக்கொண்டு போக முடிந்தது, சரி. தண்டவாளத்தை யார் தூக்கிக்கொண்டு போவது?

அந்தக் கேள்வி 2010-ல் எழுந்தது. மலேசிய அரசும் சிங்கப்பூர் அரசும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, தீவைக் குறுக்கே கடக்கும் இரயில் பாதையை மூடுவதென்று முடிவாயிற்று. 2011 ஜூன் 30-ஆம் நாள் இரவு கடைசி வண்டி தஞ்சோங் பகாரை விட்டுப் புறப்பட்டது. அந்த வண்டியை ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் தம் கையால் ஓட்டிச் சென்றார். பாதையின் நீளம் சுமார் 24 கிலோமீட்டர், பழைய கணக்கில் 15 மைல். நிலம் பொன் விலை விற்கும் ஊரில் இவ்வளவு நீளமான நிலம் சும்மா கிடக்குமா? துண்டு போட்டு விற்றிருந்தால் கட்டடங்கள் முளைத்திருக்கும். தண்டவாளத்தின் இரு மருங்கிலும் வளர்ந்திருந்த மரம் செடி கொடிகளும் அவற்றை நம்பியிருந்த பறவைகளும் போயிருக்கும்.

அப்படி நடக்கவில்லை. ஏன்? கடைசி வண்டி புறப்படுவதற்கு எட்டு மாதம் முன்பே, 2010 அக்டோபரில், சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் ஒரு மகஜரை எழுதி முடித்துவிட்டது. பாதை முழுவதையும் அறுபடாத பசுமை வழியாக விட்டுவையுங்கள் என்பது கோரிக்கை. வெறும் புலம்பலாக அதை எழுதவில்லை. எங்கே என்ன மரம் இருக்கிறது, எந்தக் காட்டை எந்தக் காட்டோடு இந்த வழி இணைக்கிறது, மக்கள் நடக்கவும் மிதிவண்டி ஓட்டவும் எப்படிப் பயன்படும் என்று கணக்காக எழுதினார்கள். 2011 ஏப்ரலில் தஞ்சோங் பகார் நிலையம் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. புக்கிட் தீமா நிலையமும் பாதுகாக்கப்பட்டது. ஜூலையில் சில நாட்கள் பாதையை மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். தண்டவாளத்தின் மீது ஊரே நடந்தது. தண்டவாளம் பிறகு கழற்றப்பட்டது. வழி நின்றது. இன்றும் அதில் மக்கள் நடக்கிறார்கள்.

இது முதல் வெற்றியுமன்று. 1992-ல் பியர்ஸ் நீர்த்தேக்கத்தை ஒட்டிய காட்டில் கோல்ஃப் மைதானம் அமைக்க ஒரு திட்டம் வந்தது. கோல்ஃப் மைதானம் என்றால் என்னவென்று தோட்டக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டுமா? துரைமார் கிளப்புக்குப் பக்கத்தில் புல் வெட்டியவர்கள் நாம்! இயற்கைச் சங்கத்தார் அந்தக் காட்டின் உயிரினங்களை எண்ணி அறிக்கை எழுதினார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். திட்டம் ஒதுக்கி வைக்கப்பட்டது.

ஆனால் ஒரு முறை வென்றால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2021-ல் அதே இரயில் வழியை ஒட்டிய கிராஞ்சிக் காட்டில், உயிரினக் கணக்கெடுப்பு முடியும் முன்பே பல ஏக்கர் மரங்கள் வீழ்த்தப்பட்டன. மேலிருந்து எடுத்த படங்களைப் பார்த்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. விசாரணை நடந்தது, விளக்கமும் வந்தது. மரம் வரவில்லை.

இனி தேக்காவுக்கு வருவோம். சிராங்கூன் சாலையை அறியாத தோட்டத்துத் தமிழன் உண்டா? ஒரு காலத்தில் அங்கே மாட்டுப் பட்டிகள் இருந்தன. சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கல் சூளைகளும் இருந்தன. வீரமாகாளியம்மன் கோயில் இருக்கும் இடத்துக்குப் பழைய தமிழர் வைத்த பெயரே சுண்ணாம்புக் கம்பம். காளவாய் போயிற்று; அங்கே வெந்த சுண்ணாம்பு எந்தெந்தச் சுவரில் இருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? அந்தப் பெயராவது நம் வாயில் நிற்க வேண்டாமா?

1982-ல் திறந்த புதிய சந்தைக் கட்டடத்துக்கு மாண்டரின் உச்சரிப்பில் 'சூஜியாவ்' என்று பெயர் இட்டார்கள். பொருள் பழையதுதான், மூங்கிலைக் குறிக்கும் அதே சீனப் பெயர். ஆனால் தமிழனும் மலாய்க்காரனும் சீனக் கிழவியும் 'தேக்கா' என்றே சொல்லி வந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் பலகை மாறியது; தேக்கா நிலையம் என்றே ஆயிற்று. மக்கள் விடாமல் சொன்ன பெயர் வென்றது.

கட்டடங்களுக்கும் பாதுகாப்பு வந்தது. 1989-ல் லிட்டில் இந்தியா பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. வரிசைக் கடைவீடுகளை இடிக்கத் தடை. நல்லது. ஆனால் அந்த மாடிகளில் குடியிருந்தவர்கள் எங்கே? அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தார்கள். ஓர் அறையில் பலர் நெருக்கியடித்துப் படுத்த காலத்தை யாரும் திரும்பக் கேட்கவில்லை. குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் உள்ள வீடு தொழிலாளியின் உரிமை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 2001-ல் நீங்கியது. சுவருக்குச் சட்டக் காவல் உண்டு. சுவருக்குள் பூக்கட்டியும் மாவரைத்தும் பிழைத்தவனின் வாடகைக்கு அந்தக் காவல் இல்லை. இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தத் தெருக்களை நிறைப்பவர்கள், தமிழ்நாட்டிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்து கட்டட வேலையும் கப்பல் பட்டறை வேலையும் செய்யும் தொழிலாளர்கள். அவர்கள் கால் பட்டுத்தான் அந்த ஊர் இன்னும் ஊராக இருக்கிறது.

தோற்ற கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புக்கிட் பிரவுன் என்பது சீனர்களின் பழைய இடுகாடு. 2011-ல் அதன் ஊடே பெருஞ்சாலை போடும் முடிவு வந்தது. மக்கள் முறையிட்டார்கள். சாலை நிற்கவில்லை, 3,700-க்கும் மேற்பட்ட கல்லறைகள் தோண்டப்பட்டன. ஆனாலும் ஆர்வலர்களும் அறிஞர்களும் முன்கூட்டியே கல்லறை கல்லறையாகப் போய்ப் பெயர்களையும் எழுத்துகளையும் பதிந்துவைத்தார்கள். நிலம் போனாலும் யார் அங்கே கிடந்தார்கள் என்ற கணக்கு மிஞ்சியது.

தோழர்களே, இதையெல்லாம் இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் பக்கத்துத் தோட்டங்கள் எத்தனை கைமாறின, எத்தனை வீடமைப்புத் திட்டங்களாயின என்பது உங்களுக்குத் தெரியும். நிலம் விற்கும் நாளில் கோயிலும் தமிழ்ப் பள்ளியும் இடுகாடும் என்ன ஆகின்றன? ஓடையும் ஓடைக்கரை மரமும் என்ன ஆகின்றன? நோட்டீஸ் ஒட்டிய பிறகு ஓடி வந்து கூச்சல் போடுவதே நம் வழக்கமாக இருக்கிறது. சிங்கப்பூரில் வென்றவர்கள் நோட்டீஸுக்கு முன்பே எழுதியவர்கள்.

ஆகவே இந்தக் கிளைக்கு மூன்று வேலைகளை முன்வைக்கிறேன். ஒன்று, ஒரு பதிவேடு. கிராணிமார்களே, செக்ரோல் எழுதிப் பழகிய கை உங்களுடையது. கோயில் எந்த வருஷம் எழுந்தது, பள்ளியை யார் கட்டினார்கள், இடுகாட்டில் யார் யார் இருக்கிறார்கள், எந்த நிலத்துக்குப் பட்டா உண்டு, எதற்கு இல்லை, எந்த ஓடையில் மீன் இருக்கிறது என்று கிழவர்களைக் கேட்டு எழுதுங்கள். கிழவர்கள் காத்திருக்க மாட்டார்கள். இரண்டு, கண்காணிப்பு. நகராண்மைக் கழகமோ மாவட்ட மன்றமோ உள்ளூர்த் திட்டத்தின் நகலை மக்கள் பார்வைக்கு வைக்கும்போது ஆட்சேபம் சொல்லத் தவணை உண்டு. அந்தத் தவணைக்குள் நம் மகஜர் போய்ச் சேர வேண்டும். மூன்று, துணை. மலாய், சீனச் சகோதரர்களையும், இன்று நம்மோடு நிரையில் நிற்கும் இந்தோனேசிய, வங்காள தேசத் தொழிலாளர்களையும் சேர்த்துக் கையெழுத்து வாங்குங்கள். ஓடைத் தண்ணீரை எல்லோரும்தான் குடிக்கிறோம்.

பால்மரத்தை வெட்டத் தெரிந்தவனுக்கு ஒரு நியாயம் தெரியும். இன்றைக்குப் பால் வேண்டும் என்று கத்தியை ஆழமாக விட்டால் நாளைக்குப் பட்டை வளராது. ஊரும் அப்படித்தான். பதிவேட்டின் முதல் பக்கத்தை இந்தக் கூட்டம் கலைவதற்குள் தொடங்கிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன். வாழ்க தொழிலாளர் ஒற்றுமை!